வந்தவாசிப் போருக்குப் புதுச்சேரியில் அச்சான படை

கடந்த எட்டு மாதங்களில், புதுச்சேரியில் உள்ள ஒரு சிறிய முப்பரிமாண (3D) ரெசின் அச்சுக்கூடத்தில் நான்கு தவணைகளாக 312 காலாட் பொம்மைகளையும் 24 குதிரை வீரர்களையும் 6 பீரங்கிகளையும் அச்சிட்டு வாங்கியிருக்கிறேன். எல்லாம் 15 மி.மீ. அளவு. மொத்தச் செலவு 9,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. நடந்து முடிந்த வரலாற்றுப் போர்களைச் சிறு பொம்மைப் படைகளைக் கொண்டு மேசைமேல் விதிப்படி ஆடிப் பார்க்கும் இந்தப் பொழுதுபோக்கில் நம் பக்கத்தில் இருப்பவர்கள் மிகச் சிலரே. ஆனாலும் அந்தச் சிலருக்கும், இனி வர நினைப்பவர்களுக்கும் பயன்படும் என்பதால், வாங்கிய அனுபவத்தை விரிவாகவே எழுதுகிறேன். கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை. அது ஒருவரே நடத்தும் தொழில். நான் சொல்லவிருக்கும் குறைகளுள் பாதியை அவர் ஏற்கெனவே சரிசெய்துவிட்டார் என்பதால், பழைய குறை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பது முறையாகாது.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிப்பவன். 1758 ஜூன் மாதம் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துத் தள்ளிய செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சங்கள் இருக்கும் தேவனாம்பட்டினம் என் வீட்டுக்கு அருகில்தான் இருக்கிறது. இருந்தும், பதினைந்து ஆண்டுகளாக நான் ஆடி வந்தவை எல்லாம் ஐரோப்பாவில் நடந்த போர்களே. காரணம் எளிது: அந்தப் போர்களுக்குத்தான் பொம்மைகள் கிடைத்தன. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நம் பகுதியில் மோதிய கர்நாடகப் போர்களுக்குரிய சிப்பாய்களை ஈயக் கலவையில் வார்த்து விற்பவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். தரமும் நன்றாகவே இருக்கும். ஆனால் தபால் செலவும் சுங்கமும் சேர்ந்தால் விரல் நகம் அளவுள்ள ஒரு வீரன் எனக்கு 90 ரூபாய் வரை வந்து நின்றான். 1760 ஜனவரி 22 அன்று நடந்த வந்தவாசிப் போரில் இரு பக்கமும் ஐரோப்பியப் படையினர் மட்டுமே ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வீதம் நின்றார்கள். ஒரு பொம்மை 20 வீரருக்குச் சமம் என்று கணக்கு வைத்தாலும், இந்தியச் சிப்பாய்களைச் சேர்க்காமலே 200 பொம்மைகள் தேவைப்படும். மாதச் சம்பளக்காரன் ஒருவன் அந்த விலையில் அந்தப் படையைத் திரட்டுவது இயலாத காரியம்.

இந்த அச்சுக்கூடத்தில் காலாள் ஒன்றுக்கு 22 ரூபாய், குதிரையோடு கூடிய வீரனுக்கு 60 ரூபாய், பீரங்கிக்கு அதன் ஆட்களோடு சேர்த்து 110 ரூபாய் வாங்கினார்கள். கடலூரிலிருந்து பேருந்தில் வருபவர்கள் புதுச்சேரிப் பேருந்து நிலையம் வரை போகத் தேவையில்லை. முதலியார்பேட்டையில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் போதும். மாடியில் ஓர் அறை, அதில் மூன்று இயந்திரங்கள், கழுவுவதற்கும் ஒளியில் பதப்படுத்துவதற்கும் தனித்தனிக் கருவிகள். பெரும்பாலும் நகைப் பட்டறைகளுக்கான மாதிரிகளும், பரிசுப் பொருள்களும்தான் அங்கே அச்சாகின்றன. போர்ப் பொம்மை கேட்டு வந்தது நான்தான் முதல் ஆள் என்றார் உரிமையாளர். திரவ ரெசினைப் புற ஊதா ஒளியால் 0.05 மி.மீ. கனமுள்ள படலம் படலமாக இறுகச் செய்து உருவத்தை எழுப்புவதுதான் முறை. ஒரு தட்டில் 15 மி.மீ. வீரர்கள் நாற்பது பேரை ஒரே நேரத்தில் நிறுத்தலாம். உயரத்தைப் பொறுத்துத்தான் நேரம் கூடும் என்பதால், ஒரு வீரனை அச்சிடும் நேரத்தில் நாற்பது வீரரும் எழுந்துவிடுகிறார்கள்.

முதல் தவணை எனக்கு மனவருத்தத்தையே தந்தது. எந்த உருவத்தை அச்சிடுவது என்று இயந்திரத்துக்குச் சொல்லும் கணினிக் கோப்பைத் தேர்ந்தெடுக்கும் வேலையைக் கடையிடமே விட்டது என் தவறு. '18ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் காலாள்' என்று எழுதிக் கொடுத்திருந்தேன். வந்த எண்பது பேரும் தலையில் உருளை வடிவ ஷாக்கோ தொப்பி அணிந்திருந்தார்கள். ஆங்கிலப் படைக்கு அந்தத் தொப்பி வந்தது 1800ஆம் ஆண்டில்தான்; வந்தவாசியில் நின்றவர்கள் மூன்று பக்கமும் மடித்த முக்கோணத் தொப்பி அணிந்தவர்கள். நாற்பது ஆண்டு என்பது வெளியாருக்குச் சிறு வேறுபாடாகத் தோன்றலாம். ஆனால் இந்தப் பொழுதுபோக்கின் உயிரே அந்த நாற்பது ஆண்டில்தான் இருக்கிறது. கடலூர் முற்றுகை நடந்த 1783இன் படைவீரனைக்கூட 1760இன் மேசையில் நிறுத்த எனக்கு மனம் வராது.

தொப்பியைவிடப் பெரிய சிக்கல் துப்பாக்கி. கடையில் இருந்த கோப்பு 28 மி.மீ. அளவுக்காகச் செதுக்கப்பட்டது. அதைக் கணினியில் 15 மி.மீ. அளவுக்குச் சுருக்கி அச்சிட்டிருந்தார்கள். உருவம் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கும்போது அதன் எல்லாப் பகுதிகளும் அதே விகிதத்தில் சுருங்கும். 28 மி.மீ. வீரன் கையில் 0.8 மி.மீ. தடிமனுடன் உறுதியாக இருந்த துப்பாக்கி, 15 மி.மீ. வீரன் கையில் 0.4 மி.மீ. அளவுக்கு மெலிந்து, நூல் போல ஆகிவிட்டது. சிறிய அளவுக்கென்றே செதுக்குபவர்கள் இதை அறிந்து, துப்பாக்கியையும் கைகளையும் முகத்தையும் வேண்டுமென்றே பருமனாக்குவார்கள். பார்ப்பதற்கு அது மிகையாகத் தெரியாது. மேசையிலிருந்து மூன்றடி தள்ளி நின்று பார்க்கும் கண்ணுக்கு அந்தப் பருமன்தான் இயல்பாகப்படும். சுருக்கிய எண்பது பேரில் முப்பத்தொரு பேருடைய துப்பாக்கியோ, அதன் முனையிலிருந்த பயனெட் கத்தியோ வீட்டுக்கு வந்து பொதியைப் பிரிப்பதற்குள் உடைந்துவிட்டது.

இதைச் சொன்னபோது உரிமையாளர் மறுக்கவில்லை. "சார், பொம்மை அச்சடிக்கிறது எனக்குத் தெரியும், எந்தப் போருக்கு எந்தத் தொப்பின்னு எனக்குத் தெரியாது. ஃபைலை நீங்களே வாங்கிக் கொடுத்துடுங்க" என்றார். நேர்மையான பதில். உடைந்த முப்பத்தொன்றுக்கும் பணத்தை அடுத்த தவணையில் கழித்துக்கொண்டார். அன்றிலிருந்து 15 மி.மீ. அளவுக்கென்றே செதுக்கிய கோப்புகளை நானே விலை கொடுத்து வாங்கிக் கொடுக்கிறேன். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உருவங்களைச் செதுக்கி விற்பவர்களுள் பலர் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் அனுமதி தருகிறார்கள். கூலிக்கு அச்சிடக் கொடுக்கலாமா என்பதை அவர்களுடைய நிபந்தனைகளில் படித்துத் தெரிந்துகொண்ட பிறகே கோப்பைக் கடைக்குக் கொடுக்க வேண்டும். செதுக்கியவரின் உழைப்பை மதிக்காமல் நாம் திரட்டும் படையால் இந்தத் துறை வளராது.

இரண்டாம் தவணையில் தொப்பியும் துப்பாக்கியும் சரியாக இருந்தன, முதுகில்தான் குறை. அச்சாகும்போது உருவம் சாயாமல் இருக்கச் சிறு சிறு தாங்கிகள் வைப்பார்கள். அவற்றை ஒளியில் பதப்படுத்துவதற்கு முன்பே, உருவம் இன்னும் சற்று மென்மையாக இருக்கும்போது, வெதுவெதுப்பான நீரில் போட்டுக் கழற்றினால் சுவடு தெரியாமல் வந்துவிடும். பதப்படுத்தி முடித்த பிறகு கத்தரித்தால், தாங்கி தன்னோடு உருவத்தின் ஒரு துணுக்கையும் பெயர்த்துக்கொண்டு போகும். கோட்டின் பின்மடிப்பு முழுவதும் அம்மைத் தழும்பு போலக் குழிகள். ஒவ்வொன்றையும் குழி அடைக்கும் பசை (putty) வைத்து அடைத்துத் தேய்க்க எனக்கு மூன்று வார இரவுகள் ஆயின. வேலைகளின் வரிசையை மாற்றிக்கொள்ளச் சொன்னேன், மாற்றிக்கொண்டார், மூன்றாம் தவணையிலிருந்து முதுகுகள் வழுவழுவென்று வருகின்றன.

நம் ஊர்த் தட்பவெப்பத்துக்கு ரெசின் ஏற்றதா என்று பலரும் கேட்கிறார்கள். பொம்மை தாங்கும், மெல்லிய பகுதிகள் தாங்கா. மே மாதத்தில் ஒரு பெட்டியை நண்பரின் காருக்குள் இரண்டு மணி நேரம் வைத்திருந்ததில், பயனெட்டுகள் எல்லாம் வாடிய வெண்டைக்காய் போல வளைந்துவிட்டன. அவற்றைச் சுடுநீரில் சில நொடிகள் முக்கி, நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் விட்டால் பழைய நிலைக்கு வருகின்றன. ஏறத்தாழ எல்லாவற்றையும் மீட்டுவிட்டேன். இப்போது சாதாரண ரெசினோடு வளையும் தன்மையுள்ள இன்னொரு ரெசினையும் கொஞ்சம் கலந்து அச்சிடச் சொல்கிறேன். ஒரு வீரனுக்கு மூன்று ரூபாய் கூடுகிறது, ஆனால் கீழே விழுந்தாலும் துப்பாக்கி முறிவதில்லை. கூடுதல் விலைக்கு இதைவிட நல்ல பயன் வேறெதிலும் இல்லை என்பது என் கருத்து.

ஒருமுறை பொம்மைகள் பிசுபிசுப்போடும் வாடையோடும் வந்தன. அது சரியாகக் கழுவப்படாத, முழுதும் இறுகாத ரெசின். தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாக்கும். வீட்டில் குழந்தைகள் இருப்பவர்கள் இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. பெட்டியைத் திறந்ததும் கையுறை அணிந்து ஒன்றைத் தொட்டுப் பாருங்கள். விரலில் ஒட்டினால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு நாளில் மறுபடி கழுவி, பதப்படுத்தித் தந்தார்கள்.

வண்ணம் தீட்டுவதற்கு முன் பூசும் அடிப்பூச்சான பிரைமரை அடித்துத் தரும் கூடுதல் சேவையை நான் பரிந்துரைக்க மாட்டேன். மொத்தம் 200 ரூபாய்தானே என்று மூன்றாம் தவணையில் ஒப்புக்கொண்டேன். அது வடகிழக்குப் பருவமழை பெய்துகொண்டிருந்த நவம்பர். காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது ஸ்ப்ரே அடித்தால், பூச்சு வழவழப்பாகப் படியாமல் மணல் தூவியது போலச் சொரசொரப்பாகிவிடும். சிப்பாய்களின் தலைப்பாகை மடிப்புகளும், தொடை வரையான சல்லடத்தின் சுருக்கங்களும் அந்த மணலுக்கடியில் மறைந்துபோயின. கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் மழைக்காலத்தில் தூரிகையால் பூசும் பிரைமரையே பயன்படுத்த வேண்டும். தீட்டி முடித்த பின் மேலே பூசும் பளபளப்பற்ற மேட் வார்னிஷையும் அப்படித்தான், இல்லாவிட்டால் பல வாரம் உழைத்துத் தீட்டிய படைமேல் வெண்புகை படர்ந்தது போல ஆகிவிடும்.

வண்ணம் ஏற்கும் விதத்தில் இந்தப் பொம்மைகள் ஈய வார்ப்புக்குச் சிறிதும் குறைந்தவை அல்ல. முகத்தில் மூக்கும் கன்னமும் தெளிவாக எழுந்து நிற்பதால், நீர்த்த பழுப்பு மசியை ஒருமுறை ஓடவிட்டாலே முகம் உயிர்பெற்றுவிடுகிறது. பிரெஞ்சுப் பக்கம் நின்ற லாலியின் படைப்பிரிவு அயர்லாந்துக்காரர்களுடையது. அவர்கள் பச்சை மடிப்பு வைத்த சிவப்புக் கோட்டு அணிந்தவர்கள். எதிரே நின்ற ஆங்கிலேயரும் சிவப்புதான். ஆட்டத்தின் நடுவில் எந்தச் சிவப்பு யாருடையது என்று குழம்பாமலிருக்க அந்தக் கை மடிப்பும் கழுத்து மடிப்பும் துலக்கமாக அச்சாகியிருக்க வேண்டும். இங்கே அவை கூர்மையாகவே இருக்கின்றன. என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாலும் பச்சை தெரிகிறது.

சென்ற மாதம் புஸ்சி வீதிக்கு அருகில் இருக்கும் நண்பர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வந்தவாசியை முதன்முறையாக முழுமையாக ஆடினோம். பிரெஞ்சு வலப்பக்கத்தில் லொரேன் படைப்பிரிவு நெருக்கமான அணியாக ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படைப்பிரிவை நோக்கிப் பாய்ந்தது. பொம்மைகளை ஒன்றோடொன்று தோள் உரச நிறுத்தியபோதும் பயனெட்டுகள் ஒன்றில் ஒன்று சிக்கவில்லை. இடப்பக்கத்தில் ஏரிக்கரையை ஒட்டி நின்ற வெடிமருந்து வண்டி உண்மைப் போரில் வெடித்து, பிரெஞ்சு அணியையே குலைத்தது. எங்கள் ஆட்டத்தில் பகடை வேறு விதமாக விழுந்ததால் வண்டி தப்பியது. அதனால், உண்மைப் போரில் சிறைப்பட்ட பிரெஞ்சுத் தளபதி புஸ்சி இங்கே சிறைப்படவும் இல்லை. நான்கு மணி நேர ஆட்டத்தின் முடிவில் எண்ணிப் பார்த்தேன்: எடுத்தும் வைத்தும் தள்ளியும் கையாண்ட பொம்மைகளில் உடைந்தவை இரண்டு. இரண்டும் முன்பே உடைந்து, நான் ஒட்டவைத்திருந்தவை. இந்தச் சேவையைப் பற்றி என் மதிப்பீடு உறுதிப்பட்டது அப்போதுதான்.

சொன்ன தேதிக்குப் பொருள் கிடைப்பது கடினம். ஒரு வாரம் என்றால் மூன்று வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தைய மாதம் நகைப் பட்டறை வேலை குவிவதால் கேட்கவே வேண்டாம். பொதி கட்டும் முறையும் மாற வேண்டியிருந்தது. குமிழ் உறையில் சுருட்டித் தந்தால் வீரர்கள் ஒருவரையொருவர் நெருக்கி உடைத்துக்கொள்கிறார்கள். நான் வீட்டிலிருந்து முட்டை அட்டைகளும் பஞ்சும் எடுத்துச் செல்கிறேன். ஒரு குழிக்கு நான்கு பேர் வீதம் வைத்து மூடிக் கட்டினால், கடலூர்ப் பேருந்தில் நின்றுகொண்டே வந்தாலும் ஒருவருக்கும் காயமில்லை.

இன்னும் அறுபது சிப்பாய்களும், வந்தவாசிக்கு வந்தும் போரில் இறங்காமல் விலகி நின்ற மராட்டியக் குதிரைப்படைக்காக முப்பது குதிரைகளும் பாக்கி இருக்கின்றன. அவற்றுக்கான முன்பணத்தைச் சென்ற சனிக்கிழமை கொடுத்துவிட்டு வந்தேன். வளையும் ரெசின் கலந்து, தாங்கிகளை முதலில் கழற்றி, பிரைமர் அடிக்காமல் தரும்படி கைப்பட எழுதிய தாளைக் கோப்போடு சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். முட்டை அட்டைகள் எட்டு அவரிடமே இருக்கின்றன.