அம்மாவின் குடும்ப பென்ஷனுக்கு வருமான வரிக் கணக்கு: இந்த ஆடிட்டர் ஆபீசுக்கு 4 ஸ்டார்

அம்மாவுக்கு வருவது குடும்ப பென்ஷன், அதாவது அப்பா மறைந்தபின் அவர் சர்வீஸுக்காக வருவது. அப்பா அரசுப் பள்ளி வாத்தியார். போன வருஷம் வேறொரு இடத்தில் அதைச் சம்பளக் கட்டத்தில் போட்டு, சம்பளக்காரர்களுக்கான நிலையான கழிவான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனை முழுசாகக் கழித்துக் கொடுத்தார்கள். இங்கே உட்கார்ந்ததுமே கணக்குப் போடும் பெண் கேட்டது, "பென்ஷன் அம்மா சர்வீஸுக்கா சார், அப்பா சர்வீஸுக்கா?" அப்பா என்றதும் தொகையை இதர வருமானத்துக்கு மாற்றிவிட்டார். வரி போட பழையது, புதியது என்று இரண்டு முறை. புதியதில் 75,000 கழிவெல்லாம் சொந்த பென்ஷன்காரர்களுக்குத்தானாம். குடும்ப பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, எது குறைவோ அதுதான் கழியும். பழைய முறை என்றால் அந்த 25,000-க்குப் பதில் வெறும் 15,000.

2024-25 கணக்கை இரண்டு முறையிலும் போட்டுக் காட்டினார். பென்ஷன் 3,60,000, டெபாசிட் வட்டி 2,40,000. பழைய முறையில் அந்த 15,000, மூத்த குடிமக்களின் வட்டிக்குக் கழிவு தரும் 80-டிடிபி பிரிவில் 50,000, மருத்துவக் காப்பீடு 28,000 எல்லாம் போக 5,07,000 நிற்கிறது. 5 லட்சத்தைத் தாண்டியதால், அதற்குள் இருந்தால் கிடைக்கும் வரித் தள்ளுபடி கிடையாது. செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து வரி 11,856. புதிய முறையில் கழிவு 25,000 மட்டும். ஆனால் அந்த வருஷத் தள்ளுபடி வரம்பான 7 லட்சத்துக்குள் இருப்பதால் வரியே இல்லை! கழிவு கூடினால்தான் லாபம் என்று வழியெல்லாம் வாதாடி வந்த தம்பி கப்சிப்.

வட்டியிலிருந்து பேங்க் முன்கூட்டியே பிடித்திருந்த வரியான டிடிஎஸ் 24,000-ஐ, பிடித்த வரியைக் காட்டும் வரித்துறை அறிக்கையான 26-ஏஎஸ்ஸோடு சரிபார்த்து ரீஃபண்ட் கேட்டுப் போட்டார். முழுசாக வந்துவிட்டது. இனிமேல் ஏப்ரலிலேயே பேங்கில், வரி பிடிக்க வேண்டாம் என்று மூத்த குடிமக்கள் தரும் 15-எச் படிவத்தைக் கொடுத்துவிடுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

பக்கத்து நாற்காலிக்காரர் வரிக்கழிவு கிடைக்கும் கட்சி நன்கொடை என்று ஏதாவது தொகை போட்டு ரீஃபண்டை ஏற்றித் தரச் சொன்னார். "ரசீது இருந்தா போடுறேன், இல்லன்னா மன்னிச்சுக்குங்க" என்று முடித்துவிட்டார் அந்தப் பெண். எனக்கு அங்கேதான் நம்பிக்கை வந்தது.

ஒரு ஸ்டார் ஏன் குறைத்தேன்? மாடிப்படி செங்குத்து, லிஃப்ட் இல்லை, அம்மாவுக்கு முட்டி வலி. கணக்கு அச்சிட்ட தாளும் முழுக்க ஆங்கிலம். அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டிவிட்டார். கட்டணம் 800 ரூபாய், நியாயம்தான். கடைசித் தேதி நெருங்கினால் போனே எடுப்பதில்லை. ஜூன் பாதிக்கு மேல், பேங்க் பிடித்தமெல்லாம் 26-ஏஎஸ்ஸில் ஏறியபிறகு போனால் நிதானமாகப் பேசலாம். பாஸ்புக், பிரீமியம் ரசீது, ஆதாரோடு இணைத்த போன் மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். ஓடிபி அந்த போனுக்குத்தான் வரும்.