மலைல சோலார் போடுறவங்க முதல்ல வானத்த பாக்கணும்: எங்களுக்கு போட்டுக் குடுத்த டீம் பத்தி

வீட்டுக்கும் பக்கத்துல இருக்குற மர பட்டறைக்கும் சேர்த்து சோலார் போட்டு ஒரு மழைக்காலம், ஒரு குளிர்காலம் ரெண்டையும் பாத்தாச்சு, இப்ப தைரியமா ரிவ்யூ எழுதலாம். ஒரே வரில சொல்லணும்னா வேலை அருமை, சர்வீஸ்ல கொஞ்சம் குறை இருக்கு. மலைப்பகுதில சோலார் போட நினைக்கிறவங்களுக்கு உதவும்னு விவரமாவே எழுதுறேன்.

இவங்களுக்கு முன்னாடி வேற ஒரு கம்பெனில இருந்து வந்தாங்க. கரண்ட் பில்ல வாங்கி பாத்தாங்க, கூரைய டேப் வச்சு அளந்தாங்க, அன்னைக்கு சாயங்காலமே கொட்டேஷன் வந்துருச்சு. சமவெளில அது போதும்னு கூட சொல்லலாம், இங்க அது பத்தவே பத்தாது. இந்த டீம்ல வந்தவர் கூரை மேல ஏறி நின்னு பேனல் வர்ற எடத்துல இருந்து சுத்தி இருக்குற மலை விளிம்ப காம்பஸ் வச்சும் போன்ல சூரியன் போற பாதைய காட்டுற ஆப்ப வச்சும் ஒவ்வொரு திசையா குறிச்சுக்கிட்டார். எங்களுக்கு கிழக்கு பக்கம் மலை உசரம், ஊருக்கெல்லாம் விடிஞ்சு ரொம்ப நேரம் கழிச்சுதான் எங்க கூரைக்கு வெயில் வரும், மேற்கு பக்கம் திறந்து கிடக்கு. அதனால பேனல கொஞ்சம் மேற்கு பாக்க திருப்பி வச்சாங்க. பட்டறை கூரை வேற திசைய பாக்குறதால அதுக்கு இன்வெர்ட்டர்ல தனி எம்பிபிடி (பேனல்ல இருந்து முடிஞ்ச அளவு பவர இழுக்குற பகுதி) குடுத்தாங்க, ஒரு கூரைல நிழல் விழுந்தா இன்னொண்ண இழுத்துட்டு போகாது. ஒரே ஸ்ட்ரிங்ல, அதாவது ஒரே வரிசையா கோத்து இருக்குற பேனல்ல ஒண்ணு ரெண்டு மேல மர நிழல் விழுந்தாலே உற்பத்தி நல்லா அடிவாங்கும், அதுக்காக எந்த கிளைய வெட்டினா போதும்னு காட்டினாரே தவிர மரத்தையே வெட்டுங்கன்னு சொல்லல. அது எனக்கு ரொம்ப புடிச்சது.

அடுத்து குளிர் விஷயம். பேனலுக்கு குளிர் நல்லதுதான், சூடு ஏற ஏறத்தான் அதோட பவர் குறையும். ஆனா குளிர்ல வோல்ட்டேஜ் ஏறும், அங்கதான் சிக்கல். அவர் ஒரு பேப்பர்ல போட்டு காட்டினார், பேனல் பின்னாடி ஒட்டியிருக்குற 49 வோல்ட்ங்கறது 25 டிகிரில அளந்தது, 12 பேனல வரிசையா கோத்தா 588, நம்ம இன்வெர்ட்டர் 600 வரைக்கும் தாங்கும், பாக்க சரியாத்தான் இருக்கு. ஆனா விடியக்காலைல 0 டிகிரிக்கு எறங்கினா வோல்ட்டேஜ் கிட்டத்தட்ட 7 சதவீதம் ஏறி 630 பக்கம் போயிரும், இன்வெர்ட்டர் போயே போச்சு. அதனால 11 பேனலோட நிறுத்திட்டாங்க. ஒரு பேனல் கூட வித்தா அவங்களுக்குத்தான் லாபம், அத வேணாம்னு சொன்ன ஆளுங்கள நம்பலாம்னு அப்பவே தோணிச்சு. பேட்டரியையும் வெளிய ஷெட்ல வைக்க விடல, வீட்டுக்குள்ள சுவரோரமா ஒரு எடம் பாத்து வச்சாங்க, ஏன்னா லித்தியம் பேட்டரிய 0 டிகிரிக்கு கீழ சார்ஜ் பண்ணினா செல் கெட்டுப்போகும். ரொம்ப உயரத்துல இருக்குறவங்க இன்னொண்ணும் கவனிங்க, காத்து லேசா இருந்தா இன்வெர்ட்டர் சூடு ஆறாது, நிறைய மாடல்ல 2000 மீட்டருக்கு மேல முழு பவர் கிடைக்காதுன்னு டேட்டாஷீட்லயே போட்டிருப்பாங்க.

எங்க பக்கம் காத்தடிச்சாலே கரண்ட் போயிரும். பேட்டரி இல்லாம லைன் கரண்ட்டோட சேர்ந்து ஓடுற ஆன்கிரிட் மட்டும் போட்டிருந்தா லைன் கரண்ட் போன உடனே சோலாரும் நின்னுரும், லைன்ல வேலை பாக்குறவங்க உயிருக்காக அப்படித்தான் பண்ணியிருக்காங்க, ஆனா இத விக்கிற நிறைய பேர் வாயத் திறந்து சொல்றதே இல்ல. இவங்க முதல்லயே சொல்லி பேட்டரியும் சேர்ந்த ஹைப்ரிட்தான் சரின்னு போட்டாங்க. பட்டறைல இருக்குற 3 ஹெச்பி ரம்பம் ஸ்டார்ட் ஆகும்போது ஓடுற கரண்ட்ட விட ஆறு ஏழு மடங்கு இழுக்கும், நேரா குடுத்தா இன்வெர்ட்டர் ட்ரிப் ஆயிரும், அதுக்கு மோட்டார் வேகத்த கட்டுப்படுத்துற விஎஃப்டி ஒண்ணு போட்டு மெதுவா ஸ்டார்ட் ஆகுற மாதிரி பண்ணிட்டாங்க. இப்ப ரம்பம் ஓடும்போது வீட்டு லைட் மினுக்குறது கூட இல்ல.

எர்த்திங் பத்தி தனியா சொல்லியே ஆகணும். எங்க எடம் கொஞ்சம் தோண்டினாலே பாறை, ராடு இறங்கவே இறங்காது. பாதி ராட அறுத்துட்டு மீதிய மண்ணுக்குள்ள சொருகி கணக்கு காட்டுற ஆளுங்க இருக்காங்க. இவங்க பாறை இல்லாத பக்கமா தள்ளித் தள்ளி குழி எடுத்து, ஈரத்த புடிச்சு வைக்கிற பென்டோனைட் களிமண்ணு போட்டு, எல்லாத்தையும் பட்டைக் கம்பில சேர்த்து, மீட்டர் வச்சு எர்த்தோட மின்தடைய என் கண்ணு முன்னாடியே அளந்தாங்க. முதல் தடவை ரீடிங் ஜாஸ்தியா வந்துச்சு, இன்னொரு குழி தோண்டினாங்க, 5 ஓமுக்கு கீழ எறங்கின பிறகுதான் மூடினாங்க. பேனல்ல இருந்து வர்ற டிசி பக்கமும் வீட்டுக்கு போற ஏசி பக்கமும் எஸ்பிடி (இடி மின்னல்ல திடீர்னு ஏறுற வோல்ட்டேஜ எர்த்துக்கு தள்ளி விடுற கருவி) இருக்கு, அதுல சின்ன ஜன்னல் மாதிரி இருக்கும், பச்சையா இருந்தா உயிரோட இருக்கு, சிவப்பா மாறினா இடிய வாங்கிட்டு செத்துருச்சுன்னு அர்த்தம், மாத்தணும். இந்த மழைக்காலத்துல பக்கத்துலயே இடி விழுந்துச்சு, ஓடிப்போய் பாத்தா டிசி பக்கம் ஒண்ணு சிவப்பு. இன்வெர்ட்டருக்கு ஒண்ணும் ஆகல.

இப்ப குறை. அந்த எஸ்பிடிய மாத்த ஆள் வர ரொம்ப லேட் ஆச்சு. மழைல ரோடு மோசம்தான், ஒத்துக்குறேன், ஆனா போன எடுத்து ஒரு பதில் சொல்றதுக்கு ரோடு எதுக்கு? அந்த நாள்லாம் மேகம் கருக்கும்போதெல்லாம் டிசி சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு உக்காந்திருந்தோம். மலைல வேலை எடுக்குறவங்க ஒரு ஸ்பேர் எஸ்பிடி, ரெண்டு ஃபியூஸ் வீட்டுலயே குடுத்துட்டு போகணும், கேட்டதுக்கு அப்புறம்தான் குடுத்தாங்க. அப்புறம் தகர கூரை விளிம்புல கேபிள் பைப் இல்லாம உரசிக்கிட்டு இருந்துச்சு, காத்துல ஆடி ஆடி தோல் உரிஞ்சா தீ புடிக்கிற எடம் அது, சொன்ன உடனே பைப் போட்டு குடுத்தாங்க. மானிட்டரிங் ஆப் இங்க சிக்னல் இல்லாம பாதி நேரம் வேலையே செய்யாது, நான் இன்வெர்ட்டர் டிஸ்பிளேய பாத்து நோட்ல எழுதிக்கிறேன்.

உற்பத்தி பத்தி கேக்குறவங்களுக்கு, பனிமூட்டம் புடிச்ச நாள்ல சுத்தமா எதிர்பாக்காதீங்க, வெயில் நாள்ல வர்றதுல கால்வாசி கூட வராது. கொட்டேஷன் போடும்போதே அந்த மாசங்களுக்கு தனியா குறைச்சு எழுதித்தான் குடுத்தாங்க, வந்ததும் ஏறக்குறைய அப்படியேதான் வந்துச்சு.

வேலைக்கு அஞ்சுக்கு அஞ்சு, சர்வீஸுக்கு மூணு. அடுத்த மழைக்கு முன்னாடி வந்து கிளாம்ப் எல்லாம் டைட் பண்ணி எர்த் ரீடிங் திரும்ப எடுத்து தர்றோம்னு எழுதி குடுத்திருக்காங்க, வந்தாங்கன்னா அந்த மூண ஏத்திடுறேன்.