சம்மர் ஸ்கூல்: பத்து நாள், 1,450 வெள்ளி, ஒரு மூங்கில் கம்பு

"வருசம் முழுக்க வெயில் அடிக்கிற நாட்டுல எதுக்கும்மா சம்மர் ஸ்கூல்?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். விளம்பரத்தாளில் அதற்குப் பதில் இல்லை. வேறு எல்லாம் இருந்தது: ஒரு வகுப்புக்கு 15 பேர் மட்டும், பல்கலைக்கழகத் தரத்தில் ஆய்வுக்கூடம், மூன்று வேளை சாப்பாடு, சைவமும் உண்டு, இரவில் தனிப்பட்ட கவனிப்பு. இடம் மலேசியாவில் உள்ள பினாங்குத் தீவு. பள்ளி விடுமுறையில் பத்து நாள் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். கட்டணம் 1,450 வெள்ளி, அதாவது ரிங்கிட்.

நான் கோலாலம்பூரில் செந்தூலில் இருக்கிறேன், படிவம் 4, அதாவது பத்தாம் வகுப்பு. அப்பா கிராப் டாக்சி ஓட்டுகிறார். அம்மா போட்டிருந்த கூட்டுச் சீட்டில் பணம் வந்த மாதம் அது. புது வாஷிங் மெஷினா, இதுவா என்று வீட்டில் இரண்டு நாள் பேச்சு ஓடியது. இன்னும் பழைய மெஷின்தான் ஓடுகிறது. அதனால் இந்த விமர்சனத்தைக் கொஞ்சம் பொறுப்போடு எழுத வேண்டியிருக்கிறது. அந்த இடத்தின் பெயரைப் போடவில்லை. அடுத்த வருடம் திருந்தினாலும் திருந்துவார்கள்.

கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் இடிஎஸ் ரயில் ஏறினால் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் போய்ச் சேர. எப்போதும் காரில் பாலத்தின் மேல் போனவர்கள் நாங்கள். ஃபெரியில் போனது இதுதான் முதல் தடவை. அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு கொம்தார் என்ற உயரமான கட்டடத்தையே பார்த்தபடி நின்றார், ஒன்றும் பேசவில்லை. அந்தப் பக்கம் இறங்கி 101 பஸ். தீவின் வடகரையில் கடல் தெரிகிற சாலை. விடுதியில் என்னை விட்டுவிட்டு அப்பா அதே பஸ்ஸில் திரும்பிப் போனார்.

அறைக்கு நாலு பேர். மின்விசிறி ஒன்று, அதுவும் இரண்டாம் எண்ணுக்கு மேல் வைத்தால் தலையை ஆட்டும். அலமாரி உண்டு, பூட்டு கிடையாது. கைபேசியையெல்லாம் முதல் நாளே ஒரு பிஸ்கட் டின்னில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரவு எட்டரையிலிருந்து ஒன்பது வரை மட்டும் தருவார்கள். அந்த அரைமணி நேரமும் ஒரே பிளக் முன்னால் வரிசைதான். என்னோடு இருந்தவர்களில் ஒருத்தி சுங்கை பட்டாணி, ஒருத்தி ஈப்போ, ஒருத்தி கிள்ளான். பத்து நாளும் ஊர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டோம். என் பெயர் கேஎல்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நான் சைவம். விண்ணப்பத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது, அதில் குறியும் போட்டேன். முதல் நாள் காலை நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு. சம்பலில் நெத்திலி. கேட்டால், "எடுத்து வச்சிட்டு சாப்பிடும்மா" என்றார் சமையல்கார அக்கா. மத்தியானம் காங்கோங் கீரை, அதில் பெலாச்சான் என்ற இறால் விழுது. சைவம் என்றால் கோழி இல்லாதது என்று யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மூன்று நாள் ரொட்டியும் மைலோவும்தான். நாலாம் நாள் விடுதி வார்டன் ஆண்டிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவர் தமிழர், ஆயர் ஈத்தாமிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வருவார். "ஏன் பாப்பா முன்னாலயே சொல்லல?" என்று திட்டிவிட்டு, மறுநாளிலிருந்து ஒரு டிபன் கேரியரில் தயிர்ச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுவந்தார். சைவச் சாப்பாடு வேண்டியவர்கள் நாங்கள் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் அவர் வீட்டு அரிசி. முகாமுக்கு நான் மதிப்பெண் போடுவதானால் அந்த டிபன் கேரியரைக் கணக்கில் சேர்க்கக்கூடாது, அது அவர்கள் காசில் வந்ததல்ல.

சரி, படிப்புக்கு வருகிறேன். 15 பேர் என்ற வகுப்பில் 34 பேர் இருந்தோம். எண்ணிப் பார்த்தேன். அட்மேத் (கூடுதல் கணிதம்) வகுப்பு என்பது படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் பழைய கேள்வித்தாள்களின் நகல், செய், திருத்து, அடுத்தது. இதைச் செந்தூலில் வாரம் ஒருமுறை டியூஷனிலேயே செய்கிறேன். உயிரியலில் வாழைப்பழத்தைப் பிசைந்து, உப்பும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டு, குளிர்ந்த ஆல்கஹால் ஊற்றி டிஎன்ஏ எடுத்தோம். வெள்ளையாக மூக்குச்சளி மாதிரி வரும். பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் இது சமையலறையிலேயே செய்யக்கூடியது, பல்கலைக்கழகத் தரம் எங்கே வந்தது என்று தெரியவில்லை.

இதோடு நின்றிருந்தால் ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டு வாஷிங் மெஷினை நினைத்து அழுதிருப்பேன். இயற்பியல் எடுத்தவர் கெடுத்துவிட்டார், நல்ல விதமாக.

அவர் இளம் வயதுச் சீனர், ஜெலுத்தோங்கில் வளர்ந்தவராம். ஐந்தாம் நாள் காலை ஒரு மூங்கில் கம்போடு வந்தார், சரியாக ஒரு மீட்டர் நீளம். "நண்பகல் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். 34 பேரும் பன்னிரண்டு என்றோம். "போய்ப் பாருங்கள்" என்று எங்களைத் திடலில் விட்டார். கம்பை நட்டு, பன்னிரண்டு மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் கல் வைக்க வேண்டும். பன்னிரண்டுக்கு நிழல் குறைந்துகொண்டே இருந்தது. பன்னிரண்டரைக்கும். ஒரு மணிக்கும். ஒன்றேகாலுக்கு மேகம் வந்து மூடிவிட்டது. முகமெல்லாம் எரிய உள்ளே போனோம்.

மறுநாள் வானம் தெளிவு. நிழல் மிகக் குட்டையானது 1.17க்கு. அதுதான் உண்மையான நண்பகல். நம்முடைய கடிகாரம் கிழக்கே 120 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது, பினாங்கு இருப்பதோ 100 பாகை சொச்சத்தில். ஒரு பாகைக்கு நாலு நிமிடம் என்றால் நம் தலைக்கு மேல் சூரியன் வர ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதம். தீபகற்ப மலேசியாவில் 1981 டிசம்பர் 31 இரவு 11.30 ஆனபோது கடிகாரத்தை 12 என்று தள்ளி வைத்தார்கள், சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று. காலை ஆறு மணிக்குப் பள்ளிக்குக் கிளம்பும்போது ஏன் இன்னும் இருட்டாக இருக்கிறது என்று பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருவரும் இதைச் சொன்னதில்லை.

இன்னொன்று. நிழல் தெற்கே விழுந்தது. புத்தகத்தில் பூமத்திய ரேகைக்கு வடக்கே இருப்பவர்களுக்கு நண்பகல் நிழல் வடக்கே விழும் என்று படித்த ஞாபகம். ஈப்போ திசைகாட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். அது பழுதில்லை. ஜூன் தொடக்கத்தில் சூரியன் வடக்கே 22 பாகைக்குப் போய்விடுகிறது, நாம் இருப்பது ஐந்தரைப் பாகையில். சூரியனே நமக்கு வடக்கே நிற்கும்போது நிழல் தெற்கே போகாமல் எங்கே போகும்? ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் முதல் பாதியிலும் பினாங்கில் நண்பகலில் கம்புக்கு நிழலே இருக்காது. புத்தகம் எழுதியவர் நம் ஊரில் வெயிலில் நின்றதில்லை போலிருக்கிறது.

எங்கள் நிழல் 30 சென்டிமீட்டர். எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்கர் 2,200 வருடத்துக்கு முன் எகிப்தில் இரண்டு ஊர் நிழலை வைத்துப் பூமியை அளந்த கதையை சார் சொன்னார். "உங்களில் யாருக்குத் தெற்கே வீடு? யார் வீட்டில் வேலை இல்லாமல் ஒருவர் இருக்கிறார்?" நான் கை தூக்கினேன். பிஸ்கட் டின்னைப் பகலில் திறக்கக்கூடாது என்பது விதி. சார் போய் அலுவலகத்தில் என்னவோ பேசி என் கைபேசியை வாங்கி வந்தார். மறுநாள் அதே அளவை இங்கே மீண்டும் எடுத்தோம், அதே 30. அங்கே செந்தூல் பிளாட் கார் நிறுத்துமிடத்தில், ஒரு மீட்டருக்குக் கோடு போட்ட மாப்புக் கட்டையோடு, படிவம் 1 படிக்கும் என் தம்பி. கோலாலம்பூரில் நண்பகல் ஆறு நிமிடம் முன்னாலேயே வந்துவிடும், 1.11க்கு. "35 சென்டி, போதுமா? கீழ்வீட்டு அங்கிள் என்னைப் பைத்தியம்னு நெனைக்கிறாரு" என்று குரல் செய்தி அனுப்பினான்.

நிழலைக் கம்பின் நீளத்தால் வகுத்து டேன் இன்வர்ஸ் போட்டால் சூரியன் உச்சியிலிருந்து விலகிய கோணம் கிடைக்கும்: எங்களுடையது 16.7 பாகை, அவனுடையது 19.3. வித்தியாசம் 2.6. பூமியின் முழு வட்டமான 360 பாகையில் இரண்டு ஊருக்கும் இடையே உள்ள பங்கு அது. வடக்கு தெற்காகத் தூரம் ஏறக்குறைய 250 கிலோமீட்டர். 360ஐ 2.6ஆல் வகுத்து 250ஆல் பெருக்கினால் 34,600 கிலோமீட்டர். உண்மையான சுற்றளவு சுமார் 40,000. திடலில் ஒரே கூச்சல். மாப்புக் கட்டையால் உலகத்தை அளந்துவிட்டோம் என்று கிள்ளான் குதித்தாள்.

சார் குதிக்கவில்லை. "உன் தம்பி ஒரு சென்டிமீட்டர் தப்பாகப் பார்த்திருந்தால்?" என்றார். 35க்குப் பதில் 34 என்று போட்டோம். பூமி 42,900 கிலோமீட்டருக்கு வீங்கிவிட்டது. ஒரு சென்டிமீட்டருக்கு எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். இரண்டு ஊரும் இவ்வளவு பக்கத்தில் இருந்தால் சின்னப் பிழையும் பெரிதாகிவிடும், தூரமான ஊரைப் பிடி என்றார். கம்பு சாய்ந்திருந்தால், தரை சரிவாக இருந்தால், நிழலின் ஓரம் மங்கலாக இருந்தால் என்று அன்று மாலை முழுக்க பிழைகளை மட்டுமே பட்டியல் போட்டோம். பள்ளியில் சோதனை அறிக்கையின் கடைசியில் 'பார்வைப் பிழை' என்று மனப்பாடமாக எழுதிவிட்டு மூடிவிடுவேன். அது என்ன என்று அன்றுதான் தெரிந்தது.

அந்த இரவு அறையில் விளக்கணைத்த பிறகும் பேச்சு நிற்கவில்லை. நாங்கள் நாலு பேரும் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். ஆறாம் ஆண்டில் 'விசை', இடைநிலைப்பள்ளியில் மலாயில் 'டாயா', இந்த முகாமில் ஆங்கிலத்தில் 'ஃபோர்ஸ்', எல்லாம் ஒன்றுதான். சுங்கை பட்டாணிக்கு வகுப்பில் ஆங்கிலத்தில் கை தூக்கப் பயம். அறையில் தமிழில் ஆரம்பித்தால் எங்கள் எல்லாரையும் விட வேகமாகப் போவாள். மேகம் மறைத்தாலும் கற்களின் வளைவை வைத்து நண்பகலைக் கண்டுபிடிக்கலாம் என்று சொன்னவள் அவள்தான். மறுநாள் அதை சாரிடம் நான் ஆங்கிலத்தில் சொன்னேன், அவள் பெயரைச் சொல்லி. 'இரவில் தனிப்பட்ட கவனிப்பு' என்று விளம்பரத்தில் போட்டது இதுவாக இருந்தால் மன்னித்துவிடலாம். ஆனால் அது இல்லை. அவர்கள் திட்டத்தில் அந்த நேரம் 'சுயமாகப் படித்தல்' என்று மாறி, கண்காணிக்க ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பார், கைபேசியோடு.

ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜ்டவுன் சுற்றுலா. பஸ் சுவரோவியங்களின் பக்கம் நின்றது, எல்லாரும் படம் எடுத்தார்கள், ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் 1833லிருந்து அங்கே நிற்கிறது. அதை வெளியிலிருந்து இரண்டு நிமிடம் காட்டினார்கள். பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் 1816ல் தமிழ் வகுப்பு தொடங்கியது என்று வழிகாட்டியிடம் நான் சொன்னேன். நான் ஒன்றாம் ஆண்டில் இருந்தபோது தமிழ்க் கல்வியின் 200 ஆண்டு நிறைவு என்று எங்கள் தமிழ்ப்பள்ளியில் கொண்டாடியது நினைவிருக்கிறது. அவருக்கு அது புதுச் செய்தி. படிப்பு முகாமில் படிப்பின் கதை உள்ள ஊரைக் காட்டத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு அப்பா 15க்கு 34 ஆனதையும் நெத்திலியையும் குறிப்பிட்டு எழுதிப் போட்டார். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது: அடுத்த வருட முகாமுக்கு 100 வெள்ளி கழிவுச் சீட்டு. அப்பா அதைக் குளிர்பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறார், வருகிறவர்களுக்குக் காட்ட.

ஐந்துக்கு மூன்று போடுகிறேன். இரண்டு அந்த இயற்பியல் சாருக்கு, ஒன்று அறையில் இருந்த மூவருக்கு. எஸ்பிஎம்மில் ஏ வாங்க என்று மட்டும் போகாதீர்கள், அதற்கு உங்கள் ஊர் டியூஷன் போதும். பணம் கட்டுவதற்கு முன் இயற்பியலுக்கு யார் வருகிறார் என்று கேளுங்கள், அதே ஆள்தான் என்றால் யோசிக்கலாம். வகுப்பில் எத்தனை பேர் என்பதை எழுத்தில் வாங்குங்கள். சைவம் என்றால் நெத்திலி, பெலாச்சான், சிப்பிச் சாறு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வேண்டாம் என்று எழுதுங்கள். நாலு பிளக் உள்ள நீட்டிப்பு வயர் ஒன்று எடுத்துப் போங்கள். அலமாரிக்குப் பூட்டும்.

தம்பி இன்னும் 35தான் சரி என்கிறான்.