கறுப்பு நாயும் மாநிறக் குடும்பமும்: ஸ்னாப்ஸீடோடு சில வருடங்கள்

எங்கள் வீட்டு நாய் மணி நல்ல கறுப்பு. நாங்களும் யாரும் சிவப்பு இல்லை. போனில் எந்த எடிட்டிங் ஆப்பைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது 'ஆட்டோ' பட்டன். அதைத் தொட்டால் மணி சாம்பல் நிறத்துக்குப் போய்விடும், அப்பா முகம் பவுடர் அப்பினதுபோல வெளுத்துவிடும். இந்த எரிச்சலில்தான் நானே உட்கார்ந்து கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். வகுப்புக்கெல்லாம் போகவில்லை. சில யூடியூப் வீடியோக்கள், மீதி நோண்டிப் பார்த்ததுதான்.

ஏன் இப்படி ஆகிறது என்று புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கேமராவுக்கு எதிரே நிற்பது கறுப்பு நாயா, இருட்டில் நிற்கும் பழுப்பு நாயா என்று தெரியாது. சட்டகத்தில் உள்ளதை எல்லாம் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். கறுப்பு நிறைய இருந்தால் ஏற்றிவிடும், வெள்ளை நிறைய இருந்தால் இறக்கிவிடும். சித்தி வீட்டு ராஜபாளையம் நாய் படத்தில் மட்டும் அழுக்காகத் தெரிவதும் இதனால்தான். எடுக்கும்போதே போன் திரையில் நாயின் மேல் ஒரு தடவை தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மணிக்கு என்றால் கொஞ்சம் கீழே, வெள்ளை நாய்க்கு என்றால் கொஞ்சம் மேலே நகர்த்தினால் எடிட்டிங்கில் பாதி நேரம் மிச்சம்.

நான் இத்தனை காலமாக விடாமல் வைத்திருப்பது ஸ்னாப்ஸீட் என்ற எடிட்டிங் ஆப். நிக் சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் 2011-ல் ஐபேடுக்காகக் கொண்டுவந்தது. 2012-ல் கூகுள் அந்த நிறுவனத்தையே வாங்கியது, அந்த வருடக் கடைசியில் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. 2015-ல் 2.0 பதிப்பு வந்தது, அதன் பிறகு பல வருடங்கள் பெரிதாக எதுவும் மாறவில்லை. 2025-ல்தான் ஐபோனுக்கு 3.0 என்று முகமே மாறிய பதிப்பு வந்தது. நான் பழகியது பழையதில், அதனால் இங்கே சொல்லும் கருவிப் பெயர்களும் பழையதில் உள்ளவை.

இதில் எனக்குச் சோறு போடுவது 'செலக்டிவ்' என்ற ஒரே கருவி. மற்ற எல்லாம் இல்லாவிட்டாலும் இது ஒன்று போதும் என்பேன். மணியின் முகத்தில் ஒரு புள்ளி வைக்கிறோம். இரண்டு விரலால் கிள்ளினால் வட்டம் சுருங்கும், விரித்தால் பெரிதாகும். அப்போது எந்தப் பகுதியெல்லாம் மாறப்போகிறது என்று சிவப்பாகக் காட்டும். வட்டத்துக்குள் உள்ள எல்லாவற்றையும் அது தொடாது, புள்ளி வைத்த இடத்தின் நிறத்தை ஒத்த பகுதியை மட்டுமே எடுத்துக்கொள்ளும். அதனால் மணியின் காதுக்குப் பின்னால் இருக்கும் மஞ்சள் சுவர் தப்பித்துவிடும். விரலை மேலும் கீழும் இழுத்தால் வெளிச்சம், கான்ட்ராஸ்ட், நிறச்செறிவு, ஸ்ட்ரக்சர் (நுணுக்கங்களை எடுத்துக் காட்டுவது) என்று மாறி மாறி வரும். இடம் வலமாக இழுத்தால் அளவு கூடும், குறையும்.

கறுப்பு ரோமத்துக்கு நான் செய்வது இது: வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றுவேன், முகத்தில் மூக்கும் கண்ணும் தனித்தனியாகத் தெரியும் அளவுக்கு மட்டும். ஏற்றியதும் ஒரு நீலம் எட்டிப் பார்க்கும். மொட்டை மாடியிலோ முற்றத்திலோ எடுத்த படம் என்றால் நிச்சயம் வரும், பளபளப்பான ரோமத்தில் வானம் பிரதிபலிப்பதுதான் காரணம். அங்கே நிறச்செறிவைக் குறைத்தால் நீலம் போய்விடும். கடைசியாக ஸ்ட்ரக்சரை ஒரு இழுப்பு, ரோமம் இழை இழையாகத் தெரியும். இன்னும் இழுக்க ஆசை வரும், ஆனால் அதிகமானால் நாய் முள்ளம்பன்றி ஆகிவிடும்.

இதே படத்தில் மணியைப் பிடித்துக்கொண்டு அப்பாவும் இருந்தால் அவர் முகத்துக்கு இன்னொரு புள்ளி. இங்கே கணக்கு தலைகீழ். மாநிறத் தோலில் வெளிச்சத்தை மட்டும் ஏற்றினால் உயிரில்லாத ஒரு சாம்பல் படரும். நிழலில் அடங்கியிருந்த பழுப்பு, வெளிச்சம் ஏறும்போது நீர்த்துப்போகிறது. அதனால் வெளிச்சத்தை ஏற்றும்போதே நிறச்செறிவையும் சற்று ஏற்ற வேண்டும், கான்ட்ராஸ்ட்டும் ஒரு பொடி. அப்போதுதான் அப்பா அப்பாவாக இருப்பார். படம் முழுவதையும் ஒரே ஸ்லைடரில் ஏற்றி இறக்கும் ஆப்பில் நாயையும் மனிதரையும் ஒருசேரக் காப்பாற்ற முடியாது. தோலை வெளுப்பாக்குவதையே அழகு என்று வைத்திருக்கும் ஃபில்டர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இதைச் சொன்னாலும் வீட்டில் கேட்க மாட்டார்கள். "என்னை மட்டும் கொஞ்சம் கலராக்கு" என்று அக்கா கேட்பாள், அத்தை கேட்பார், மாமா கேட்பதுபோல் காட்டிக்கொள்ளாமல் கேட்பார். நான் ஆக்குவதில்லை. முகத்தில் வெளிச்சம் சரியாக விழுந்ததுபோல் செய்து, கண்ணில் கொஞ்சம் தெளிவு கொடுத்து அனுப்புவேன். பெரும்பாலும் "ஆங், இப்ப நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். அவர்களுக்கு வேண்டியிருந்தது வெளுப்பு இல்லை, முகம் இருட்டாகத் தெரியக் கூடாது என்பதுதான் என்று நினைக்கிறேன். ஆச்சிக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. அவர் கேட்பது ஒன்றுதான்: தோடு தெரியணும்.

நிறத்துக்கு வருவோம். ஒரு பக்கம் டியூப்லைட், இன்னொரு பக்கம் மஞ்சள் பல்ப், வாசலில் இருந்து பகல் வெளிச்சம் என்று மூன்றும் கலந்த ஹாலில் எடுத்த படம்தான் நம் வீடுகளில் அதிகம். 'ஒயிட் பேலன்ஸ்' கருவியில் சொட்டுக் குழாய் மாதிரி ஒரு குறி இருக்கும், அதை வெள்ளையோ சாம்பலோ ஆன இடத்தில் வைத்தால் மற்ற நிறங்கள் தானாக ஒழுங்காகும். நம் படங்களில் வெள்ளைக்கு என்ன பஞ்சம், அப்பாவின் வேட்டி இருக்கிறது. ஆனால் நீலம் போட்டுத் துவைத்த வேட்டி உண்மையில் வெள்ளை இல்லை. அதைத் தொட்டால் ஆப் அந்த நீலத்தைச் சரிக்கட்டப் பார்த்து, படம் முழுவதையும் மஞ்சளடிக்க வைக்கும். வெளிச்சம் பட்டு வெளிறிப்போன இடத்திலும் தொடக் கூடாது, அங்கே நிறத்தகவலே மிஞ்சியிருக்காது. நான் சுவர்க்கடிகாரத்தின் முகப்பு, சில்வர் டம்ளர், ஸ்விட்ச் போர்டு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, கடைசியில் கழுத்துச் செயினைப் பார்ப்பேன். தங்கம் பித்தளையாகத் தெரிந்தால் இன்னும் சரியாகவில்லை என்று அர்த்தம். அரக்குப் பட்டு இன்னொரு தலைவலி. சிவப்பு நிரம்பி வழிந்து மடிப்பே தெரியாமல் போகும். புடவை மேல் ஒரு செலக்டிவ் புள்ளி வைத்து நிறச்செறிவை இறக்கினால் மடிப்புகள் ஓரளவு திரும்பி வரும்.

நாய், பூனையின் கண் தனிக் கதை. ஃபிளாஷ் அடித்தால் மனிதக் கண் சிவப்பாகத் தெரிவது விழித்திரைக்குப் பின்னால் உள்ள ரத்தக் குழாய்களால். நாய்க்கும் பூனைக்கும் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு, இருட்டில் பார்ப்பதற்காக. அதனால் பச்சையோ மஞ்சளோ ஆக எரியும். சிவப்புக் கண்ணைச் சரிசெய்யும் கருவிகள் சிவப்பைத் தேடுவதால் இங்கே பெரும்பாலும் கைகொடுக்காது. ஃபிளாஷே போடாமல் எடுப்பதுதான் வழி. எடுத்தாகிவிட்டது என்றால் கம்ப்யூட்டரில் கிம்ப் என்ற எடிட்டிங் மென்பொருளைத் திறந்து, கண்பாவையின் மேல் கருமையைப் பூசி, ஓரத்தில் ஒரு சிறு வெள்ளைப் புள்ளி விட வேண்டும். அந்தப் புள்ளி இல்லாவிட்டால் கண்ணில் உயிர் இருக்காது.

கிம்ப் பற்றி இரண்டு வார்த்தை. அதுவும் இலவசம், 1996-லிருந்து இருக்கிறது. கற்றுக்கொள்ளப் பொறுமை வேண்டும். நான் அதைத் திறப்பது பெரும்பாலும் பழைய ஆல்பத்துக்காகத்தான். எண்பதுகளில் பிரின்ட் போட்ட கலர் படங்கள் பல செம்மண் நிறத்துக்குத் திரும்பியிருக்கும், அதில் இருந்த மூன்று சாயங்களும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. கிம்ப்பில் 'லெவல்ஸ்' திறந்து சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக இழுத்துச் சரிசெய்தால், பெற்றோர் கல்யாணப் படத்தில் வாழை இலை மறுபடி பச்சையாகிறது. இப்போது வரும் செயற்கை நுண்ணறிவு ஆப்களில் இதை ஒரே தொடுதலில் முடிக்கலாம், முயன்றும் பார்த்தேன். மங்கலாக இருந்த தாத்தா முகம் பளிச்சென்று வந்தது. மீசையும் தாடையும் வேறு யாருடையதோ. கீறல் நீக்க அவை பரவாயில்லை, முகத்தில் கை வைக்க விடுவதில்லை.

பிரின்ட் போடுகிறவர்களுக்கு மட்டும் சில விஷயம். போன் திரை தானே ஒளிர்வது, காகிதம் அப்படியில்லை, அதனால் திரையில் சரியாக இருந்த மணி காகிதத்தில் கரிக்கட்டையாக வருவான். கடைக்கு அனுப்பும் பிரதியில் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூடுதலாக வைக்கிறேன், "கரெக்‌ஷன் எதுவும் வேண்டாம் அண்ணே" என்றும் சொல்லிவிடுகிறேன். போன் படம் பொதுவாக 4:3, காகிதம் 4×6. இரண்டின் விகிதமும் வேறு, வெட்டாமல் கொடுத்தால் கடையிலோ மெஷினிலோ காது போய்விடும். எனவே 3:2-க்கு நாமே வெட்டிவிடுவது நல்லது. 4×6 அங்குலத்துக்கு 1200×1800 பிக்சல் இருந்தால் தாராளம். 12×18 பெரிதாகப் போட 3600×5400 வேண்டும். சொந்தக்காரர்கள் வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித்தான் வரும், பெரிய பிரின்ட்டுக்கு ஆகாது. டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். நான்கு தடவை சொன்னால் ஒரு தடவை செய்வார்கள்.

ஸ்னாப்ஸீட் யாருக்கு ஒத்துவராது என்றால், காது குத்து, வளைகாப்பு என்று ஒரு விழாவின் நூற்றுக்கணக்கான படங்களை மொத்தமாகச் சரிசெய்ய நினைப்பவர்களுக்கு. கடைசியாகச் செய்த மாற்றங்களை அடுத்த படத்தில் அப்படியே போடும் வசதி இருக்கிறது, ஆனாலும் ஒவ்வொரு படமாகத்தான் திறக்க வேண்டும். மாதச் சந்தா கட்டும் ஆப்கள் அந்த வேலைக்கு உண்மையிலேயே வேகமானவை. நான் விழாப் படங்களில் பத்துப் பதினைந்தைப் பொறுக்கி எடுத்து, மீதியை அப்படியே குடும்பக் குரூப்பில் கொட்டிவிடுகிறேன். இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை, அத்தையின் புடவை நிறத்தைத் தவிர.