கார்பன் என்று சொல்லிக் கண்ணாடி ஃபைபரை விற்கிறார்கள்: ஃபிளை ராடு வாங்கும் டெல்டா நண்பர்கள் கவனத்துக்கு

ஏழாயிரம், எட்டாயிரம் ரூபாயில் ஃபிளை ராடு (பூச்சி மாதிரி கட்டிய, கனமில்லாத முள்ளை வீசும் தூண்டில் கம்பு) தேடிக்கொண்டிருப்பவர்கள் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் மீன்பிடி சாமான் விற்கும் ஒரு கடையில் எனக்கு நடந்தது இது. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

நான் கேட்டது 9 அடி நீளம், 8-ம் நம்பர் (நம்பர் ஏற ஏற ராடுக்கு வலுவும் லைனுக்குக் கனமும் கூடும்), நான்கு துண்டு ராடு. நம் ஊருக்கு அதுதான் சரிப்படும். மேட்டூரை மூடிய பிறகு வாய்க்கால்களில் குட்டை குட்டையாகத் தேங்கும் தண்ணீரில் விரால் கிடக்கும். பழையாறு முகத்துவாரத்தில் கொடுவா. இரண்டுமே கடித்த உடனே கொடிக்குள்ளோ வேருக்குள்ளோ பாயும், பிடித்து நிறுத்த ராடில் வலு வேண்டும். ஆடிக் காற்றில் லேசான லைன் போகவே போகாது. அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்தில் முதலை உண்டு, இறங்கி நின்று வீசுகிற பேச்சே கூடாது. கரையில் நின்றுதான் தூரம் எடுக்க வேண்டும்.

கடைக்காரர் ராடு, ரீல், லைன் மூன்றையும் செட்டாக 7,800 ரூபாய்க்குக் கொடுத்தார். “தம்பி, இது ஃபுல் கார்பன். வெளியில போனா பன்னெண்டாயிரத்துக்குக் குறைஞ்சு கிடைக்காது” என்றார். பில் கேட்டதற்கு எஸ்டிமேட் சீட்டு ஒன்று எழுதித் தந்து, சிஸ்டம் வேலை செய்யவில்லை, பில்லை வாட்ஸப்பில் அனுப்புகிறேன் என்றார். இன்றுவரை வரவில்லை.

முதல் கோளாறு லைனில். சாதாரண ரீல் தூண்டிலில் ஈயமோ லூரோ (போலி இரை) தன் கனத்தால் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃபிளையில் முள்ளுக்குக் கனமே கிடையாது, லைனின் கனம்தான் ராடை வளைத்து வீச்சைத் தருகிறது. அதனால்தான் ராடு நம்பரும் லைன் நம்பரும் ஒத்துப்போக வேண்டும். இந்த லைனை எப்படி வீசினாலும் ராடு வளையவில்லை, லைன் காலடியிலேயே சுருண்டு விழுந்தது. தெரிந்த நகைக்கடைக்கு எடுத்துப்போய், முனையிலிருந்து 30 அடி அளந்து, மீதியைத் தளரவிட்டுத் தராசில் வைத்தோம். 8-ம் நம்பர் லைனுக்கு அந்த முப்பது அடி 210 கிரெயின், அதாவது சுமார் 13.6 கிராம் இருக்க வேண்டும். தராசு காட்டியது 9.2 கிராம். அது 5-ம் நம்பர் லைனின் எடை! ஸ்பூலில் மட்டும் 8 என்று ஸ்டிக்கர்.

சரி, லைனை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று வேறு லைன் போட்டு வாய்க்காலுக்குப் போனேன். கிலோ தேறும் ஒரு விரால் கொடிக்குள் பாய்ந்தபோது, அடியிலிருந்து இரண்டாவது துண்டு மூட்டு வாயிலேயே (ஒரு துண்டுக்குள் அடுத்த துண்டைச் செருகும் இடம்) பிளந்தது. பிளந்த இடத்தைப் பார்த்தால் மேலே கறுப்புப் பெயின்ட், உள்ளே வெள்ளை வெள்ளையாகச் சிம்பு. கார்பன் என்றால் உள்ளும் புறமும் கறுப்பாகவே இருக்கும். இது கண்ணாடி ஃபைபர். எலக்ட்ரீஷியன் நண்பர் உடைந்த முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தார், சத்தமே வரவில்லை. கார்பன் மின்சாரம் கடத்தும், கண்ணாடி ஃபைபர் கடத்தாது. (உண்மையான கார்பன் ராடு வைத்திருப்பவர்கள் வயல் மேலே தாழப் போகும் கரண்ட் கம்பிப் பக்கம் வீசவே வீசாதீர்கள். உயிர் போய்விடும்.)

இதைவிட எனக்குக் கோபம் வந்தது அந்த மூட்டு வாயைப் பார்த்துத்தான். அந்த இடத்தில் பிளக்காமல் இருக்க நெருக்கமாக நூல் சுற்றி மேலே எபாக்சி பூசியிருக்க வேண்டும். இதில் நூலே இல்லை, நூல் சுற்றிய மாதிரி மெரூன் பெயின்டில் கோடு போட்டிருக்கிறார்கள். நகத்தால் தடவினால் மேடே தட்டாது. இது தெரியாமல் நடந்த தவறாக இருக்க முடியாது. வாங்குபவர் கண்ணை ஏமாற்றத்தான் கோடு போட்டிருக்கிறார்கள்.

கண்ணாடி ஃபைபர் ராடு மட்டமானது என்று நான் சொல்லவில்லை. நல்ல ஃபைபர் ராடில் சின்ன மீன் பிடிப்பது தனி சுகம். ஃபைபர் என்று சொல்லி ஃபைபர் விலைக்குக் கொடுத்திருந்தால் இந்தப் பதிவே இல்லை.

கடைக்குப் போனேன். “ராடை ரொம்பச் செங்குத்தாத் தூக்கியிருப்பீங்க சார், அதான்” என்றார். செங்குத்தாகத் தூக்கினால் பெரும்பாலும் போவது நுனித் துண்டு. என்னுடையது அடிப்பக்கம் போயிருக்கிறது என்று காட்டினேன். வெள்ளைச் சிம்பைக் காட்டினால், அது ரெசின் (பிசின்) என்கிறார். கடைசியில், 1,500 ரூபாய் கொடுத்தால் வேறு துண்டு வரவழைக்கிறேன் என்றார். அதையும் அதே பெயின்டில்தானே தருவார்?

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே நான்கு துண்டையும் மாட்டச் சொல்லுங்கள். வளையங்கள் நேர்கோட்டில் இருக்கிறதா என்று அடியிலிருந்து கண்ணை வைத்துப் பாருங்கள், ஒவ்வொரு மூட்டு வாயிலும் நகத்தை ஓட்டுங்கள். பொட்டியில் எம்.ஆர்.பி., வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். எனக்கு ராடு வைத்துக் கொடுத்த குழாயில் ஒரு எழுத்து கிடையாது. அப்புறம், ஜி.எஸ்.டி. பில் கைக்கு வராமல் பணத்தை அனுப்பாதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி கடை எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், எஸ்டிமேட் சீட்டு, வாட்ஸப் பேச்சு, உடைந்த துண்டு எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள்.

1915-ல் நான் பதிவு செய்த பிறகு கடையிலிருந்து போன் வந்தது, பாதிப் பணம் தருகிறேன், புகாரை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்று. முடியாது என்று சொல்லிவிட்டேன். முழுப் பணமும் வர வேண்டும். அதே கடையில் அதே மெரூன் கோடு போட்ட ராடு வாங்கியவர்கள் யாராவது இருந்தால் மூட்டு வாயைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், மனுவோடு சேர்க்கிறேன்.