தேங்காய், அன்னாசி, வெனிலா: மூன்று வாரம் அடித்துப் பார்த்த பிறகு

இனிப்பு வாசனை என்றாலே எனக்குத் தலைவலி வரும். அந்தப் பயத்தை இந்த சென்ட் போக்கிவிட்டது. மூன்று வாரமாக இதையேதான் அடித்துக்கொள்கிறேன்.

முதல் ஐந்து நிமிடம் அன்னாசி, லேசான புளிப்போடு. அது அடங்கியதும் தேங்காய் மெல்ல எழுகிறது. எண்ணெய்ச் சிக்கு கிடையாது. துருவி முடித்த கையை முகர்ந்தால் வருமே, அந்தப் பச்சை வாசம். இந்த மணத்துக்குப் பெரும்பாலும் காமா நோனலாக்டோன் என்ற வேதிப்பொருளைச் சேர்ப்பார்கள். கொஞ்சம் கூடினாலும் சன்ஸ்கிரீன் நெடி வந்துவிடும். இதில் அளவு அவ்வளவு பதமாக இருக்கிறது. கடைசியில் தங்குவது வெனிலா. மறுநாள் காலை சட்டைக் காலரை முகர்ந்தால் இன்னும் இருக்கிறது!

தின்பண்ட வாசனை சென்ட்களுக்குப் பெரிய வழி திறந்தது 1992இல் வந்த, முக்ளேர் நிறுவனத்தின் ஏஞ்சல் என்ற சென்ட். அதில் எத்தில் மால்டால் என்ற வேதிப்பொருளின் பஞ்சு மிட்டாய் மணம் தூக்கலாக இருக்கும். அறையே நிறையும். இது அப்படியில்லை, பக்கத்தில் உட்காருபவருக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

சரி, குறை என்றால் தோலில் மூன்று மணி நேரம்தான் நிற்கிறது. குளித்ததும் மணமில்லாத லோஷன் தடவி, அதன்மேல் அடித்தால் ஐந்து மணி நேரம் வரை தாங்குகிறது. அப்புறம், வெள்ளைத் துணியில் நேராக அடிக்காதீர்கள். வெனிலா மணம் தரும் வெனிலின் என்ற பொருள் நாளாக ஆகப் பழுப்பேறும்.