ஃப்ரிட்ஜுக்குள் தண்ணீர்: எந்த வைத்தியம் எத்தனை நாள் தாங்கும்?

ஃப்ரிட்ஜ் ஒழுகினால் கேஸ் போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம். கேஸ் கசிந்தால் குளிர் குறையுமே தவிர, தண்ணீர் கொட்டாது. தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. காய்கறி டிரேக்கு அடியில் தேங்கினால் வடிகால் துளை அடைத்திருக்கும். பின்பக்கத் தரை நனைந்தால் கம்ப்ரஸருக்கு மேலே இருக்கும் தட்டில் விரிசல், அல்லது குழாய் தட்டை விட்டு விலகியிருக்கும்.

ஃப்ரீசர் பனியை நாமே உருக்க வேண்டிய டைரக்ட் கூல் வகையில் வேலை சுலபம். உள்ளே பின்சுவரின் அடியில் ஒரு சிறு வாய்க்கால், அதன் நடுவில் துளை. ஓர் இலைத்துணுக்கு போதும் அதை அடைக்க. பட்ஸ் குச்சியோ மெல்லிய பிளாஸ்டிக் குச்சியோ விட்டு எடுத்தால் தீர்ந்தது. பொருள்கள் பின்சுவரில் ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டு வைத்தால் அடைப்பு அடிக்கடி வராது.

பனியைத் தானே உருக்கிக்கொள்ளும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகை அப்படியல்ல. ஃப்ரீசரின் பின் தகட்டுக்குள் இருக்கும் காயிலில் (குளிரூட்டும் குழாய்ச் சுருளில்) படியும் பனியை ஹீட்டர் அவ்வப்போது உருக்கும். அந்த நீர் அடியில் உள்ள துளை வழியே கீழ்த்தட்டுக்குப் போய், கம்ப்ரஸர் சூட்டில் ஆவியாகிவிடும். துளையில் பனிக்கட்டி உறைந்துவிட்டால் நீருக்குப் போக்கிடம் இல்லை. ஃப்ரீசர் தரையில் பாளமாக உறையும், அல்லது கீழ் அறைக்குச் சொட்டும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, திருகுகளைக் கழற்றிப் பின் தகட்டை எடுங்கள். கத்தி, ஸ்க்ரூடிரைவரால் பனியைக் குத்தவே கூடாது. காயில் துளையானால் பெரிய செலவு. பல புதிய ஃப்ரிட்ஜ்களில் அந்தக் காயிலுக்குள் ஓடும் ஆர்600ஏ வாயு தீப்பற்றக் கூடியது. 50 மி.லி. சிரிஞ்சில் சூடான நீரை (கொதிக்கும் நீர் வேண்டாம், பிளாஸ்டிக் வளையும்) துளைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். கட்டி இளகியதும் 'களக்' என்று நீர் இறங்கும். அப்புறமும் இரண்டு சிரிஞ்ச் விட்டு, கீழ்த்தட்டில் நீர் வந்து விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லை என்றால் குழாயின் கீழ் முனையைப் பாருங்கள். சில மாடல்களில் அங்கே வாத்து அலகு போல ஒரு ரப்பர் வால்வு இருக்கும். வழவழப்பான அழுக்கு சேர்ந்து அது ஒட்டிக்கொள்ளும். கழற்றிச் சோப்பு நீரில் கழுவி மாட்டுங்கள். பலர் தவறவிடும் இடம் இதுதான், மேலே எத்தனை தடவை வெந்நீர் ஊற்றினாலும் திரும்பத் திரும்ப உறைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வால்வைச் சுத்தம் செய்த பிறகும் சில வாரங்களில் ஒழுகல் திரும்பினால், ஹீட்டரின் சூடு துளை வரை எட்டவில்லை என்று அர்த்தம். உறை நீக்கிய செம்புக் கம்பி ஒன்றை ஹீட்டரின் மேல் கொக்கி போல மாட்டி, மறுமுனையைத் துளைக்குள் 3 முதல் 5 செ.மீ. இறக்கினால் சூடு கீழே கடத்தப்படும். ஹீட்டர் கண்ணாடிக் குழாய் என்றால் இறுக்கிச் சுற்றாமல் தொங்கவிட்டால் போதும். வெந்நீரை விட இதுதான் நெடுநாள் நிற்கிறது. ஆனால் காயில் முழுக்க வெள்ளையாகப் பனி மூடியிருந்தால் கம்பியால் பயனில்லை. ஹீட்டர், தெர்மோஸ்டாட், டைமர் ஆகியவற்றில் ஒன்று செத்திருக்கும். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

கதவு ரப்பரையும் சோதியுங்கள். காகிதத்தை வைத்துக் கதவை மூடி இழுத்தால் பிடிப்பு தெரிய வேண்டும். வழுக்கி வந்தால் அந்த இடத்தில் ஈரக்காற்று நுழைகிறது. ரப்பர் விறைத்துப்போயிருந்தால் வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றினால் மீண்டும் படியும், கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.